வளவுக்குள் வந்த ஆமை

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. வீடு கெடுமோ கெடாதோ, வீட்டுக்குக் கொணரப்பட்ட ஆமை கெடுவதைப் பலகாலும் காண்கிறோம். அதற்கேற்ற உறைவிடம் எதுவென்று அறியாமையே இதற்குக் காரணமாகும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்தது மண்டூர். கந்தசுவாமி கோயிலால் புகழ்பெற்ற இவ்வூரைச் சூழ வயலும் குளமும் உள. இத்தகைய நீர்நிலைகளே பாலாமையின் வாழிடம். நட்சத்திர ஆமையோ வறண்ட வலயத்துப் பற்றைக்காடுகளுக்கு உரியது. சிறுவர் கையில் ஆமை ஒன்று அகப்பட்டால், நீர் தூய்மையாகும் என்றெண்ணி அதனைக் கிணற்றிலே விடுவோரும் உளர். பாலாமை நீந்த வல்லதே. ஆயினும் ஏறி வெயில் காயத் திட்டோ, கோடையிற் புதைந்திருக்கச் சேறோ கிணற்றில் இல்லை. நட்சத்திர ஆமைக்கு நீந்தவே தெரியாது. கிணறு அதற்குப் புதைகுழியே.

விலங்கினச்சாலைகளில் தரையாமைக்கு அடைப்பு எவ்வாறு அமைக்கிறார்கள்? முதலாவது, வெயிலும் நிழலும் ஒருங்கே வேண்டும். ஆமை தன் உடற்சூட்டைத் தானே ஆக்கிக்கொள்ளாத பிராணி. ஆதலின் இரண்டுக்குமிடையே நடந்தே அதனைச் சீர்செய்கிறது. வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் குறையின் ஓடு மென்மையுறும். இரண்டாவது, சுவர் மறைப்பாக இருத்தல் வேண்டும். கம்பி வலையூடே அப்பால் தெரிந்தால், ஆமை ஓயாது முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். சுவரின் அடி மண்ணுட் புதைந்திருத்தல் நன்று. மூன்றாவது, ஈரந் தங்காத மண். ஓயாத ஈரமும் குளிரும் நட்சத்திர ஆமைக்குச் சுவாச நோயைத் தரும். நீர்த்தட்டு ஆழமற்றதாக இருக்கவேண்டும். உணவு புல்லும் இலையுமே, சோறு ஆகாது.

இவற்றை ஒவ்வொன்றாக நோக்கின், நாம் கட்ட முயல்வது ஒரு சிறு பற்றைக்காடே என்பது புலனாகும். அக்காடு ஆமைக்கு முன்னமே உளதன்றோ? மேலும், இது ஓரிரு ஆண்டுப் பொறுப்பன்று. கல்கத்தா அலிப்பூர் விலங்கினச்சாலையில் 2006ஆம் ஆண்டு இறந்த ‘அத்வைதா’ என்னும் பேராமை அங்கு நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது. நட்சத்திர ஆமையும் பல பத்தாண்டு வாழவல்லது. விளையாட்டாகப் பிடித்த சிறுவன் வளர்ந்து ஊர்விட்டுப் போன பின்னும் அது அடைப்பிலேயே கிடக்கும்.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவ்வாமைகளைப் பிடித்து வைத்திருப்பதைக் குற்றமாக்கியுள்ளன. அழகிய ஓட்டின் பொருட்டுக் கடத்தப்படும் நட்சத்திர ஆமைக்கு 2019ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பாதுகாப்பும் கிடைத்தது.

ஆதலின் மாணவர்களே, வழியில் ஆமையைக் கண்டால் அது செல்லும் திசையிலேயே தெருவைக் கடத்தி விடுங்கள். காயமுற்றிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வளவின் வேலியோரத்துப் பற்றையை முற்றாக வெட்டாமலும், உலர்ந்த சருகுக்குத் தீ வைக்காமலும் இருந்தாற் போதும். ஆமைக்கு நாம் அமைக்கக்கூடிய நல்ல உறைவிடம் அதுவே.