நோட்டுப் புத்தகத்தில் பிறந்த யோசனை!



கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சூத்திரங்களைக் குறித்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டுதானே? கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிய பெரியவர்களும் இப்படி நோட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1944-ஆம் ஆண்டு 'மார்க் 1' என்ற ராட்சதக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் 51 அடி! காகித நாடாவில் துளைகள் போட்டுத்தான் அதற்குக் கட்டளை தர வேண்டும். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். கடற்படைக்கு வேண்டிய கணக்குகளை அது போட்டது. அங்கே பணிக்கு வந்தார் கிரேஸ் ஹாப்பர். கல்லூரியில் கணிதம் கற்பித்த ஆசிரியை அவர்.

ஒரு கணக்குக்கான கட்டளைகளை எழுதிச் சரிபார்ப்பது பெரும்பாடு. அதனால், பிழையின்றி வேலை செய்த கட்டளைத் தொகுப்புகளை ஹாப்பரும் நண்பர்களும் நோட்டில் எழுதி வைத்தார்கள். ஒருவருக்குத் தேவையானது இன்னொருவர் நோட்டில் இருந்தால், கேட்டு வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வந்தது தொல்லை! எழுதும்போது 'பி' என்ற ஆங்கில எழுத்து 13 ஆக மாறிவிடும். கையெழுத்து அப்படி! ஒரே ஒரு குறி மாறினாலும் விடை தவறாகிவிடும்.

1949-இல் ஹாப்பர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே 'யூனிவாக்' என்ற புதிய கணிப்பொறி உருவானது. அதில் இன்னொரு சிக்கல். ஒரு பாடத்தின் பக்கங்கள் 1, 2, 3 என்று இருக்கின்றன. அதைப் பெரிய புத்தகத்தில் 101-ஆம் பக்கத்திலிருந்து சேர்த்தால், எல்லாப் பக்க எண்ணோடும் 100-ஐக் கூட்ட வேண்டும் அல்லவா? கட்டளைகளில் உள்ள எண்களையும் அப்படிக் கூட்ட வேண்டியிருந்தது. அதிலும் பிழைகள்!

ஹாப்பர் யோசித்தார். பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் கணிப்பொறிக்குக் கைவந்த கலை. அதையே செய்ய வைத்தால் என்ன? ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் எண் கொடுத்து, காந்த நாடாவில் பதிந்தார். எண்ணைச் சொன்னால் போதும். கணிப்பொறியே அதைத் தேடி எடுத்து, எண்களைத் திருத்தி, உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளும். 1952-இல் வந்த இந்த ஏற்பாட்டின் பெயர் 'ஏ-0'. "கணிப்பொறி கணக்குதான் போடும், கட்டளை எழுதுமா?" என்று பலர் நம்பவில்லை. ஹாப்பர் செய்து காட்டினார். பிற்காலத்தில் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவிவரை உயர்ந்து, 1986-இல் தம் 79-ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.

இன்றும் மென்பொருள் எழுதுவோர் பயனுள்ள கட்டளைகளைச் சேர்த்து வைக்கிறார்கள். லினக்ஸ் கணினியின் கட்டளைத் திரையில் 'ஹிஸ்டரி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். முன்பு நீங்கள் கொடுத்த கட்டளைகள் வரிசையாக வரும்!

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். கட்டளை, அது செய்யும் வேலை, குறித்த தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை! பொருள் புரியாத கட்டளையை ஒருபோதும் தட்டாதீர்கள். சில கட்டளைகள் கோப்பை அழித்தால், அது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, ஒரேயடியாக மறைந்துவிடும்.

பார்த்து எழுதுவது தவறல்ல, செல்வங்களே! புரியாமல் எழுதுவதுதான் தவறு.