வெர்னாஸா போகிறீர்களா? உஷார்!

பூஜா விடுமுறைக்கும் தீபாவளிக்கும் ஐரோப்பா டூர் போட்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பட்டியலில் இத்தாலியின் சிங்க்வே தெர்ரே இருக்கிறதா? லிகூரியா கடற்கரையில் மழை வெளுத்து வாங்குவது அந்த அக்டோபர், நவம்பரில்தான்.

சிங்க்வே தெர்ரேயின் ஐந்து கிராமங்களில் எல்லோரும் முதலில் கேட்பது வெர்னாஸாவை. பாறை முனையில் தோரியா கோட்டையின் உருண்டைக் கோபுரம், கீழே கையகலத் துறைமுகம், அலையை ஒட்டியே எண்கோண மணிக்கூண்டுடன் சாந்தா மார்கெரித்தா தேவாலயம். அந்தத் தேவாலயத்தைப் பற்றி 1318-லேயே எழுத்துப் பதிவு இருக்கிறது. கோட்டை, கடற்கொள்ளையருக்குப் பயந்து கட்டியது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகின் அடியில் என்ன ஓடுகிறது தெரியுமா? ஓர் ஓடை. ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் கடைத்தெருவுக்கு அடியில், மூடிய வாய்க்காலாக.

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் மலைச்சரிவு கரைந்து மண்ணும் கல்லும் மரமும் அந்த வாய்க்காலை அடைத்தன. தண்ணீர் தெருவிலேயே ஆறாக ஓடியது. கடைகள் கூரை வரை சேற்றில் புதைந்தன, கார்கள் துறைமுகத்துக்குள் போய் விழுந்தன. வெர்னாஸாவில் மட்டும் மூன்று உயிர்கள் போயின. சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டதால் மக்களைப் படகில்தான் வெளியேற்ற முடிந்தது. பக்கத்து மொந்தெரோஸோவுக்கும் அன்று அதே கதிதான்.

இப்போது காட்சி முனைக்கு வருவோம். வெர்னாஸா என்றதும் நாம் பார்க்கும் பிரபலமான படத்தை எடுப்பது, மொந்தெரோஸோ போகும் பாதையில் ஊருக்குச் சற்று மேலே. பாதையை ஒட்டித் திராட்சைக்கும் ஆலிவுக்கும் கட்டிய படிக்கட்டு வயல்கள். அவற்றைத் தாங்கும் சுவர்களில் சிமென்ட்டும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. கல்மேல் கல், அவ்வளவுதான். மழைநீர் இடுக்கு வழியே கசிந்து வெளியேற வேண்டும் என்பதற்காக அப்படி. வருடா வருடம் சரிந்த கல்லை எடுத்து வைக்கும் விவசாயி இருக்கும்வரை சுவர் அசையாது. இன்று பல வயல்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. நம்மவர்கள் ஏறி நின்று செல்ஃபி எடுப்பது அந்தச் சுவர்மேல்தான்! மேல்வரிசைக் கல் காலடியில் லேசாக ஆடினால் பின்னால் இருப்பது வெறும் பள்ளம்.

ஆபத்து வெர்னாஸாவில் மட்டும்தான் என்றும் எண்ணாதீர்கள். 2012 செப்டம்பரில் ரியோமஜ்ஜோரே, மனரோலா கிராமங்களுக்கு இடையிலான 'காதலர் பாதை'யில் பாறை சரிந்து ஆஸ்திரேலியப் பெண்கள் நால்வர் காயப்பட்டனர். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தப் பாதையை முழுதாகத் திறக்க 2024 வரை ஆனது. இப்போது அங்கே முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

கடலும் ஆபத்துதான். மத்திய தரைக்கடலில் ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் குளம் மாதிரி இருக்கும் என்று நம்பி அலைதடுப்புக் கற்களில் போய் உட்காருகிறார்கள். எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிய அலை, வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து அடிக்கும். கற்கள் ஈரமாக இருந்தால், சற்று முன் அலை அங்கே ஏறியிருக்கிறது என்று பொருள். ஏறாதீர்கள்.

செருப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் போனால் 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-லேயே அறிவித்துவிட்டார்கள். அநியாயம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மலையேறி ஆளைத் தூக்கி வருபவர்களைக் கேட்டால் நியாயம் புரியும். அடிப்பாகம் கெட்டியான, பிடிப்புள்ள ஷூ வேண்டும். தண்ணீர் பாட்டிலும் வேண்டும். கோடையில் அந்தப் பாதையில் நிழல் கம்மி.

கிளம்புவதற்கு முந்தின இரவு லிகூரியாவின் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறம். அப்பகுதியின் தேசியப் பூங்கா நிர்வாகம் பாதையை மூடினால் கயிற்றைத் தாண்டாதீர்கள், 'அஞ்சு நிமிஷம்தான்' என்று கெஞ்சவும் வேண்டாம். ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 112. இப்போதே போனில் போட்டு வையுங்கள். சிவப்பு என்றால் ஹோட்டல் பணம் போனாலும் பரவாயில்லை, அன்று வெர்னாஸா வேண்டவே வேண்டாம்.