கெளுத்தி முள் குத்தினால்

எண்ணூரிலிருந்து காட்டூர், பழவேற்காடு வரை நீளும் உவர்நீரில் வலையில்லாமல் இறால் பிடிப்பவர்களும் உண்டு. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவுவார்கள். இறாலைத் தேடும் அந்தக் கையில் சில சமயம் இருங்கெளுத்தி குத்திவிடும்.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று என மூன்று முட்கள். மிரண்டால் அவற்றை விறைப்பாக நிமிர்த்திக்கொள்ளும். ரம்பப் பல் போன்ற ஓரம். மேலே மெல்லிய தோல். அதையொட்டி நஞ்சுச் செல்கள். குத்தியதும் தோல் கிழிந்து நஞ்சு காயத்துக்குள் இறங்கும். திருக்கையின் வால் முள்ளும் இப்படித்தான்.

இந்த நஞ்சில் இருப்பவை புரதங்கள். சூடு பட்டால் அவை வீரியம் இழக்கும். ரத்தம் வழிந்தால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள வெந்நீரில் கையை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். வலி நன்றாகக் குறையும். வெந்நீரின் சூட்டைக் குத்துப்பட்டவர் பார்க்கக் கூடாது. வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்தான் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு அப்புவதையும் நான் ஏற்கமாட்டேன். அது புண்ணை மறைத்துவிடும். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் பாய்ந்திருந்தால் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் இறந்தது திருக்கை முள் மார்பில் பாய்ந்ததால்தான்.

கடல்பாம்புக் கடிக்கு வெந்நீர் உதவாது. அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது. அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடிபட்ட கையை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வலி அடங்கிய பிறகும் காயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். உவர்நீரில் வாழும் விப்ரியோ கிருமி, சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு உயிராபத்து ஆகலாம். சிவப்பு பரவினாலோ, கொப்புளம் எழுந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்கு ரணஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசி உண்டு. இறால் பிடிக்கப் போகும் அம்மாவுக்கோ கர்ப்பகாலத்தில் போட்டதே கடைசியாக இருக்கலாம். சேறு பட்ட ஆழமான காயம் என்றால், முந்தைய ஊசி போட்டு 5 ஆண்டு ஆகியிருந்தாலே மறுபடி போடுவார்கள். அம்மா எந்த ஆண்டில் ஊசி போட்டார் என்று இன்றே கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.