எழுத்தைத் தேடுவோம், சொல்லை அறிவோம்

வெளியூர்களிலிருந்து கொழும்புக்கு வரும் எமது பெண்களுள் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியே தமது அலுவல்களைப் பார்க்கின்றனர். கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, நட்டஈடு என எதற்குப் போனாலும் கையில் ஒரு படிவம் தரப்படுகிறது. அது ஆங்கிலத்தில் இருந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி நிரப்புவித்து, அவர் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வருகிறோம். எதற்கு ஒப்பமிட்டோம் என்பது பல வேளைகளில் எமக்கே தெரியாது.

ஆங்கிலம் முழுவதையும் கற்றுத் தேர்ந்த பின்னர்தான் படிவத்தை வாசிக்கலாம் என்றில்லை. 26 எழுத்துக்களையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும், ஒரு தொடக்கம் செய்யலாம். சேர்ந்து வரும் சில எழுத்துக்களைத் தேடிப் பிடித்து, அவை வரும் சொற்களைக் கொப்பியில் ஒன்றாக எழுதிப் பழகுவதே அந்த வழி.

ரீ, ஐ, ஓ, என் என்ற நான்கு எழுத்துக்களையும் எடுத்துக்கொள்வோம். சொல்லின் இறுதியில் இவை ஒன்றாக வந்தால் 'ஷன்' என்று ஒலிக்கும். அப்ளிகேஷன் (விண்ணப்பம்), ரெஜிஸ்ட்ரேஷன் (பதிவு), டிக்ளரேஷன் (உறுதிமொழி), கொம்பன்சேஷன் (நட்டஈடு) ஆகிய எல்லாவற்றின் வாலிலும் இந்த நான்குமே நிற்கின்றன. பென்ஷன் என்ற சொல்லில் மட்டும் ரீ இருக்க வேண்டிய இடத்தில் எஸ் இருக்கும். காலி வீதியில் நடக்கும்போது பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். பீயும் எச்சும் சேர்ந்தால் 'ஃப' ஒலி வரும். பாமசி, போன், போட்டோ மூன்றும் அப்படியே தொடங்குகின்றன. கிளினிக் அட்டையில் நிறையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை மறைத்துப் பாருங்கள், எட்டு என்ற எண்ணின் ஆங்கிலச் சொல் தெரியும்.

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. டேற் என்றால் திகதி. அதன் எழுத்துக்கள் டீ, ஏ, ரீ, ஈ. டெத் என்றால் மரணம். அதன் எழுத்துக்கள் டீ, ஈ, ஏ, ரீ, எச். முதற் சொல்லின் நான்கு எழுத்துக்களும் இரண்டாவதில் இருக்கின்றன; எச் ஒன்றே மேலதிகம். அவசரத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கணவரையோ பிள்ளையையோ காணாது தேடும் சகோதரிகளுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காணாமற்போனோர் தொடர்பில் 2010 இல் வந்த சட்டம் மரணப் பதிவுக்கே வழிவகுத்தது. இறந்துவிட்டார் என்று ஏற்க மனம் ஒப்பாத பெண்களுக்கு அது வேதனையாயிற்று. 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்ததாகக் கூறாமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு இடமளிக்கப்பட்டது. கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் சொத்துக்களைப் பராமரிக்கவும் அது உதவும் வகையில் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்குரிய சொல் அப்சென்ஸ்: ஏ, பீ, எஸ், ஈ, என், சீ, ஈ. இரண்டு சான்றிதழ்களிலும் சேர்ட்டிபிக்கேட் என்ற சொல் வரும். ஆகவே அதைக் கண்டு திருப்தியடையாமல், கூடவே வருவது டெத் என்பதா, அப்சென்ஸ் என்பதா என்று தேட வேண்டும். அதுபோலவே, விதவை என்பதற்கான விடோ என்ற சொல்லின் எதிரே எவரேனும் உங்களுக்காக அடையாளமிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். டபிள்யூவில் தொடங்கி டபிள்யூவில் முடியும் ஐந்தெழுத்துச் சொல் அது.

பயிற்சிக்குச் செலவில்லை. அமெரிக்காவில் அல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்திருந்தபோது, எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று பத்திரிகைப் பக்கங்களில் எண்ணிப் பார்த்தார். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே ஸ்கிரபிள் விளையாட்டு. அதன் 100 வில்லைகளில் ஈ 12 உண்டு, ஏ 9, ஐ 9. கியூ ஒன்றே ஒன்று. நாமும் பழைய கலண்டர் தாளை வெட்டி இதே அளவில் எழுத்துக்களைச் செய்யலாம். மாலையில் பிள்ளைகளையும் அறையில் உடன் தங்கியிருப்பவர்களையும் கூட்டி, ஏழு எழுத்தை எடுத்து, எத்தனை சொல் அமைகிறது என்று பாருங்கள். லிஸன் (செவிமடு) என்ற சொல்லின் ஆறு எழுத்துக்களையும் இடம் மாற்றினால் சைலன்ற் (மௌனம்) கிடைக்கும். பாடசாலை செல்லும் பிள்ளை தாய்க்குச் சொல்லிக்கொடுப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கொழும்பிலுள்ள அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. எனவே முதலில் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் அவசரப்படாமல் ஓரமாக அமர்ந்து, தெரிந்த எழுத்துக்களைத் தேடுங்கள். விளங்காத சொல்லை அடிக்கோடிட்டு, அதன் பொருளை அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுங்கள். ஒப்பம் எம்முடையது, அதற்கு மேலே எழுதப்பட்டிருப்பதையும் நாமே அறிந்திருக்க வேண்டும்.