படி காட்டிய மலையும் பணி காட்டும் பள்ளியும்

ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் திருத்தணிகை மலையில் திருப்படித் திருவிழா நடைபெறுகிறது. மலைக்குச் செல்லும் 365 படிகளும் ஓர் ஆண்டின் 365 நாட்களாகக் கருதப்படுகின்றன. படிக்கொரு திருப்புகழ் பாடி, கற்பூர தீபம் காட்டி, அடியார் கூட்டம் மேலே ஏறுகிறது. நள்ளிரவில் தணிகேசன் சந்நிதியில் புத்தாண்டு பிறக்கிறது.

இந்த விழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை ஸ்ரீ சச்சிதானந்த சுவாமிகள். நூறு ஆண்டுகளுக்கு முன், ஜனவரி முதல் நாளன்று ஆங்கிலேய அதிகாரிகளின் வீடு தேடிச் சென்று, பழமும் மாலையும் தந்து வணங்கி நிற்கும் வழக்கம் நம்மவர்களிடம் இருந்தது. அதைக் கண்டு சுவாமிகள் மனம் வருந்தினார். ஆயினும், ‘அங்கே போகாதீர்கள்’ என்று தடுப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ‘துரைகளுக்கெல்லாம் பெரிய துரையான முருகனிடம் வாருங்கள்’ என்று அழைத்து, பாடுவதற்குத் திருப்புகழையும் ஏறுவதற்குப் படிகளையும் காட்டினார். ஒரு பாதையை அடைக்க விரும்புகிறவர், அதைவிட நல்ல பாதை ஒன்றைத் திறந்து வைக்கவும் வேண்டும் என்பதே அவர் செயலால் உணர்த்திய பாடம்.

அந்தப் பாடம் இன்று தணிகை மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

எல்லையோரத்துக் கவலை

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது ஆர்.கே.பேட்டை. ஒருபுறம் தணிகை மலை, மறுபுறம் சோளிங்கர் யோக நரசிம்மர் மலை. தெருவெல்லாம் தறிச் சத்தம். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். நெசவையும் வயலையும் நம்பி வாழும் குடும்பங்களில் தாய், தந்தை இருவருமே பொழுது சாயும்வரை உழைக்கிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை மாலைப் பொழுதை யாருடன், எங்கே கழிக்கிறான் என்று கவனிக்கப் பலருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

ஆந்திர, ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் கள்ளத்தனமாக விளையும் கஞ்சா, சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் தமிழகத்துக்குள் கடத்தப்படுகிறது. சோதனைச் சாவடிகளில் காவலர்கள் விழித்திருந்தாலும், எல்லையோர ஊர்களின் பெற்றோருக்கு அச்சம் நீங்குவதில்லை.

தீமை எல்லை தாண்டித்தான் வர வேண்டும் என்பதுமில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. பசை, பெயின்ட் தின்னர் போன்றவற்றை முகர்ந்து மயங்கும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதமாகவும், 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் 1.17 சதவீதமாகவும் இருப்பதாக அது தெரிவித்தது. பெரியவர்களைவிடச் சிறியவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட போதைப் பழக்கம் இது ஒன்றே. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், யாருக்கும் சந்தேகம் எழாது.

சட்டம் கடுமையாகவே இருக்கிறது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் சிறாருக்கு மதுவோ போதைப் பொருளோ தருபவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தமிழகத்தில் 2022 ஆகஸ்ட் 11 அன்று தொடங்கி, மாணவர்கள் போதைப் பொருள் ஒழிப்பு உறுதிமொழி ஏற்று வருகிறார்கள். பள்ளிகளில் போதைப் பொருள் எதிர்ப்பு மன்றங்களும் உள்ளன. ஆனால் உறுதிமொழி ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய 364 மாலைகளில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

திருத்தணி தந்த பெருமகன்

இதற்கு விடை சொன்னவர்களுள் ஒருவர் திருத்தணி மண்ணிலேயே பிறந்தவர். 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சுதந்திரத்துக்குப் பின் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவராக விளங்கினார். மாணவர்கள் தாமே முன்வந்து சமூகப் பணியில் ஈடுபடும் முறை கல்வி நிலையங்களில் வர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அந்த எண்ணம் கனிய இருபது ஆண்டுகள் ஆயின. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. இத்திட்டத்தின் சின்னம் கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம். அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாக இரு என்பது அதன் பொருள். ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது திட்டத்தின் தாரக மந்திரம்.

இதில் சேரும் மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அத்துடன் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் உண்டு. குளக்கரையைச் சீர்செய்தல், மரக்கன்று நடுதல், கோயில் பிராகாரத்தைத் தூய்மை செய்தல், விழிப்புணர்வுப் பேரணி எனப் பணிகள் பல. அப்பர் பெருமான் கையில் ஏந்திய உழவாரத்தின் வழி வந்த தொண்டே இது.

வேலையைவிட, அந்த ஏழு நாட்களின் கூட்டு வாழ்க்கைக்குப் பயன் அதிகம். ஒரே கூரையின் கீழ் உறக்கம், ஒரே பந்தியில் உணவு. வகுப்பில் கடைசி இருக்கையில் ஒடுங்கியிருக்கும் இருளர் குடியிருப்புச் சிறுவன், தமிழ் பேசத் தயங்கும் தெலுங்குப் பிள்ளை, தந்தையின் குடியால் தலைகுனிந்து வாழும் மாணவன் ஆகியோர் மண்வெட்டி பிடிக்கும்போது மற்றவர்க்குச் சமமாகிறார்கள். ‘உன்னால்தான் இந்த வேலை முடிந்தது’ என்ற ஒரு சொல் அவர்களை நிமிர வைக்கிறது. தன்னை எவரும் பொருட்படுத்தவில்லை என்று எண்ணும் பிள்ளையைத்தான் தவறான நட்பு எளிதில் பற்றுகிறது. தனக்கும் ஓர் இடம் உண்டு என்றறிந்த பிள்ளையிடம் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது.

தணிகை மலையின் தத்துவமும் இதுவே அல்லவா? சூரனை வென்ற சினம் தணிந்து பெருமான் அமர்ந்த தலம் என்பதால், கந்தசஷ்டியில் இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. மலர் அஞ்சலியே நடைபெறுகிறது. தினைப்புனம் காத்த வேடர் குலமகள் வள்ளியைத் தேடிச் சென்று, கைத்தலம் பற்றிய பெருமானின் மலை இது. அவன் சந்நிதியில் எந்தக் குலத்துப் பிள்ளையும் அயலார் அல்லர்.

பெரியோர் செய்ய வேண்டியவை

இத்தகைய திட்டங்களில் குறைகளும் இல்லாமலில்லை. சில இடங்களில் பணி, துடைப்பத்துடன் ஒரு புகைப்படமாகவும் ஆண்டிறுதியில் ஒரு சான்றிதழாகவும் சுருங்கிவிடுகிறது. நன்றாகப் படிக்கும், அடங்கி நடக்கும் மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு. அதனால் யாருக்கு இது மிகவும் தேவையோ, அவர்களே வெளியில் நின்றுவிடுகிறார்கள். ‘பொதுத் தேர்வு நெருங்கும்போது முகாம் எதற்கு?’ என்று பெற்றோர் தடுப்பதும் உண்டு. ஏழு நாட்களில் குறையும் மதிப்பெண்ணை மீட்டுவிடலாம். தடம் மாறிய பிள்ளையை மீட்பது அத்தனை எளிதன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நண்பன் தடுமாறுவதை முதலில் அறிபவர் சக மாணவரே. அதற்காக மாணவரை உளவு பார்க்கவோ, விற்பவரைப் பின்தொடரவோ தூண்டுவது ஆபத்து. நண்பனை விட்டு விலகாமல், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்வதே அவர் கடமை. போதைப் பொருள் விற்பனை குறித்து 10581, மீட்பு ஆலோசனைக்கு 14446, ஆதரவு தேவைப்படும் சிறாருக்கு 1098 ஆகிய கட்டணமில்லா எண்களில் பெரியவர்கள் தொடர்பு கொள்ளலாம்.

கோயில்களும் இதில் பங்கு பெறலாம். கிருத்திகை நாட்களில் தண்ணீர் வழங்குதல், முதியோரைக் கைப்பிடித்துப் படியேற்றுதல், அன்னதானப் பந்தியில் பரிமாறுதல் ஆகியவற்றை அருகிலுள்ள பள்ளி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். குறிப்பாக, ஊரார் ‘உதவாதவன்’ என்று ஒதுக்கிய பிள்ளையின் கையில் பரிமாறும் கரண்டியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

தணிகை முருகனைப் பல பாடல்களில் போற்றிய அருணகிரிநாதரும், மரபு வழிச் செய்தியின்படி, இளமையில் வழிதவறி, வாழ்வை வெறுத்து, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து வீழ்ந்தவரே. தாங்கிக்கொண்ட முருகன் அவரைத் தண்டிக்கவில்லை. பாடும் பணியைக் கொடுத்தான். அந்தப் பாடல்களைத்தான் படிதோறும் பாடிக்கொண்டு அடியார்கள் மலையேறுகிறார்கள். அடுத்த டிசம்பர் 31 அன்று அவ்வாறு ஏறும்போது, தம் பிள்ளையோடு அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவனையும் உடன் அழைத்துச் சென்றால் தணிகேசன் மனம் குளிர்வான்.