ஒரு பங்குக்கு ஒன்றரை நாள்

1824-இல் அயர்லாந்தை அங்குலம் அங்குலமாக அளக்க பிரிட்டிஷ் அரசு புறப்பட்டதற்குக் காரணம் வரி. எந்த நிலத்துக்கு எவ்வளவு போடுவது என்று தீர்மானிக்க, அந்நாட்டு நிலத்தின் மிகச் சிறிய பிரிவான டவுன்லேண்டின் எல்லையும் பரப்பும் தெரிய வேண்டியிருந்தது. டவுன்லேண்டில் நகரம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. வயல், சதுப்பு, சில வீடுகள் இருந்தால் போதும். பல இடங்களில் கிராமத்து முகவரி இன்றும் அதை வைத்துத்தான்.

இன்றைய கணக்கில் டவுன்லேண்டுகள் சுமார் 61,000. சராசரிப் பரப்பு 325 ஏக்கர். அவை அடங்கிய பங்குகள், அதாவது 'பாரிஷ்' எனப்படும் வட்டாரங்கள், ஏறக்குறைய 2,400. வரைபடத்தில் எழுத வேண்டியது பங்குக்கு 25 பெயர். குன்று, ஓடை, இடிந்த கோட்டை எல்லாம் இதில் சேராது.

வரைபடம் மைலுக்கு 6 அங்குலம். ஒரு சதுர அங்குலத்தில் 17.8 ஏக்கர் அடங்கும். சராசரி டவுன்லேண்டுக்குத் தாளில் 18 சதுர அங்குலம் கிடைக்கும். பெயர் எழுதத் தாராளமான இடம். கால்வே மாவட்டத்து ஃபினான் 7,555 ஏக்கர், 36-க்கு 24 அங்குலத் தாளில் பாதியை விழுங்கிவிடும். டைரோன் மாவட்டத்து ஓல்டு சர்ச் யார்டு ஓர் ஏக்கர்கூட இல்லை. அதன் பெயரை அதற்குள் எழுதவே முடியாது.

லண்டன்டெரி தாள்கள் 1833-இல் முதலில் வந்தன. கெர்ரி 1846-இல் கடைசியாக. செலவு 8 லட்சம் பவுண்டைத் தாண்டியது. டவுன்லேண்டுக்கு 13 பவுண்டுக்கு மேல், ஏக்கருக்கு 9 பென்னிக்கு மேல். உச்சத்தில் 2,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பெயர்களைத் தீர்த்துவைத்ததோ ஒரு சிறு குழு. அதில் பெரும்பாரம் ஐரிஷ் மொழி அறிஞர் ஜான் ஓ'டொனவன் தலையில்.

பங்குக்குப் பங்கு பெயர்ப் புத்தகம் போட்டார்கள். பண்ணையாரும் அவருடைய காரியஸ்தரும் பாதிரியாரும் வரி வசூலிப்பவரும் பழைய வரைபடங்களும் ஒரே ஊரை எப்படியெல்லாம் எழுதினார்கள், யார் எழுதியது எது என்று வரிசையாகப் பதிந்தார்கள். ஓ'டொனவன் ஐரிஷ் பேசும் முதியவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, மூல வடிவத்தை ஊகித்து, ஆங்கில எழுத்துக்கூட்டை முடிவு செய்தார். 'பாலி' என்று தொடங்கும் பெயர்கள் மட்டும் 5,000-க்கு மேல். அந்த ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்பதே தனி வழக்கு.

அவர் 1830-இல் சேர்ந்தார். 1842-இல் பெயர்களைப் பார்த்த அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வைத்தால் 3,600 நாள். நாளுக்கு 17 பெயர், பங்குக்கு ஒன்றரை நாள். மழை, சேறு, நடை, இரவில் டப்ளினுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் இதற்குள்ளேதான். ஒரு பெயரைத் தீர விசாரிக்க ஒரு நாளே போதாது என்பது ஊர்ப்பெயர் தேடிப் போனவர்களுக்குத் தெரியும். அரசு சிக்கனம் பிடித்தது தவறான இடத்தில் என்பேன்.

பங்குதோறும் வரலாறும் பிழைப்பும் சேர்த்து விவரக்குறிப்பு எழுதும் திட்டமும் இருந்தது. 1837-இல் டெம்பிள்மோர் பங்குக்கு ஒரே ஒரு நூல் அச்சானது. செலவைக் கண்டதும் நிறுத்தினார்கள். எழுதி வைத்திருந்த மற்றவை 1990-களில்தான் 40 தொகுதிகளாக அச்சேறின.