புதுச்சேரித் தமிழர் தெருக்களும் மனையமைப்பும்

கடற்கரையைச் சார்ந்த பழைய நகரங்களில் மக்கள் சிறு நிலப்பரப்பில் நெருங்கி வாழ்ந்து வந்துள்ளனர். அங்ஙனம் வாழ்வார்க்கு இடக்குறைவினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. அயலார் கண்ணுக்கும் செவிக்கும் எட்டும் இடத்திலேயே இல்லறம் நடைபெற வேண்டும் என்பதே அது. இவ்விடர்ப்பாட்டினைத் தமிழ் மக்கள் எவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்பதனைப் புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புதுச்சேரியின் பழநகர் முட்டை வடிவினது. அதனைச் சூழ்ந்து செல்லும் அகன்ற சாலையை மக்கள் புல்வார் என்பர். 1674 இல் பிரெஞ்சுக்காரர் இங்குக் குடியேறினர். 1693 இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். 1699 இல் திருப்பி அளிக்குமுன், நெசவாளரைக் குடியமர்த்தும் நோக்குடன் நேர்கோட்டுத் தெருக்களைக் கொண்ட நகர அமைப்பினை வகுத்தனர். 1761 இல் ஆங்கிலேயர் நகரை இடித்துப் பாழாக்கினர். 1765 இல் அதனை மீளப்பெற்ற பிரெஞ்சுக்காரர் பழைய தெருக்களின் தடத்திலேயே மீண்டும் கட்டினர். ஆகவே, கட்டடங்கள் அழிந்த பின்னும் தெருவமைப்பு அழியாது நின்றது என்பது அறியத்தக்கது.

வடக்குத் தெற்காகச் செல்லும் பெரிய வாய்க்கால் இந்நகரை இரண்டாகப் பகுக்கின்றது. அதன் கிழக்கே கடலையொட்டிய பகுதி பிரெஞ்சுக்காரர் வாழ்ந்தது. மேற்கே உள்ளது தமிழர் பகுதி. இவ்வமைப்பினைக் காணும் தமிழ் மாணவர்க்குச் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை நினைவிற்கு வருதல் இயல்பே. ஆண்டும் யவனர் இருக்கைகள் கடலருகே மருவூர்ப்பாக்கத்தில் அமைய, பட்டினப்பாக்கம் உள்ளே விளங்கிற்று. இரண்டற்கும் இடையே நாளங்காடி இருந்தது. இவ்வொப்புமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிற்று எனக் கூறுதல் பொருந்தாது. கடல் வாணிகம் மிக்க நகரில் வந்தாரும் வாழ்ந்தாரும் தத்தமக்கு இடம் வகுத்துக்கொள்ளும் முறை ஒத்திருத்தல் கூடும் என்ற அளவிலேயே இதனைக் கொள்ளல் வேண்டும்.

இனி, இரு பகுதி மனைகளையும் ஒப்புநோக்குவோம். பிரெஞ்சுக்காரர் மனை உயர்ந்த மதிலும் பெருங்கதவும் உடையது. தோட்டம் மதிலின் உள்ளே இருக்கும். தெருவில் நடப்பார்க்கு மதிலே தோன்றும். தமிழர் மனையோ அடுத்த மனையுடன் சுவரொட்டி நிற்பது. தெருவை நேரே நோக்குவது. மதிலுக்கு ஈடாக அது கொண்டவை படிப்படியாக அமைந்த வாயில்களே. முதலாவது தெருவோரத் தாழ்வாரம். மரத்தூண்களின்மேல் ஓடு வேய்ந்து சரிந்திறங்கும் இதன் நிழல் வழிப்போக்கர்க்கும் உரியது. அடுத்தது திண்ணை, அறிமுகமானோர் அமர்ந்து பேசுமிடம். கதவைக் கடந்தால் இடைகழி. பேச்சு வழக்கில் ரேழி. அதன் பின் முற்றம், கூடம், சமையலறை, கொல்லை என மனை உள்நோக்கிச் செல்லும். ஒருவர் எதுவரை வரலாம் என்பதனை யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டுவதில்லை. அவர் நின்ற இடமே அவர்தம் உறவின் அளவைச் சொல்லிவிடும். நெருங்கி வாழ்தலின் இடர்ப்பாட்டினைத் தமிழ் மனை தீர்த்த முறை இதுவே என்பது எம் கருத்து.

இடைகழியின் சிறப்பினைத் திருக்கோவலூர் வரலாறு நன்கு உணர்த்தும். மழை பெய்த இரவில் அவ்வூர் இடைகழி ஒன்றில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்றனர் என வைணவ மரபு கூறும். சிற்றிடத்தைப் பகுத்துக்கொள்ளுதலை ஓர் அறமாகவே நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும்.

இவ்வமைப்புக் கடற்கரைத் தட்பவெப்பத்திற்கும் இயைந்தது. கிழக்கு மேற்காகச் செல்லும் தெருக்கள் பிற்பகற் கடற்காற்றினை நகரின் உள்ளே கொண்டு செல்கின்றன. முற்றத்தின் வழியே வெப்பக்காற்று மேலெழ, தெருவாயில் வழியே குளிர்காற்று உள்ளே புகுகின்றது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளிவிடும் இயல்பினது. சிமென்டும் இரும்புக் கம்பியும் கொண்ட புதுக்கட்டடமோ உப்புக்காற்றில் கம்பி துருவேறி வெடிக்கும் இடருக்கு உட்பட்டது.

எனினும், பழமையைப் போற்றுங்கால் அதன் குறையை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. இப்பகுதித் தெருக்கள் சில செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி என இனப்பெயர் தாங்கியவை. கிறித்தவரும் இசுலாமியரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தனர். திண்ணை எல்லார்க்கும் திண்ணையாக இருந்ததில்லை. தேவாலயத்தினுள் சாதிப் பிரிவினைக்கென நின்ற சுவர் குறித்து எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளிடையே பதிந்துள்ளார். வாயில்களை வகுத்த அறிவே சிலர்க்கு வாயிலை அடைக்கவும் பயன்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் இந்நெருக்கம் அடைக்கலமும் தந்தது. ஆங்கில ஆட்சியின் கைக்குத் தப்பி 1908 இல் பாரதியார் இங்கு வந்து 1918 வரை வாழ்ந்தார். 1910 இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். ஒருவரையொருவர் நடந்து சென்று காணும் தொலைவில் இம்மூவரும் வாழ்ந்தனர்.

இன்று இம்மனைகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. உடன்பிறந்தார் பலர்க்கு உரிய மனையைப் பேணும் செலவு பெரிது. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர் அரியர். விற்றாலோ விலை மிகுதி. ஆதலின் இடிப்பாரைப் பழித்துப் பயனில்லை. அரசின் கையிலிருந்த நகரமன்றக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்து, பின்னர்ப் புதிதாகக் கட்டப்பட்டது எனின், தனியார் மனையின் நிலை கூறவும் வேண்டுமோ! வைசியாள் வீதியில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பினர் முயற்சியால் தெருமுகப்புகள் பழைய வடிவில் மீட்டமைக்கப்பட்டமை பாராட்டத்தக்கது. ஆனால் முகப்பு மட்டும் நின்று, உள்ளே முற்றம் மூடப்பட்டு, திண்ணைக்கு இரும்புக் கிராதி இடப்படுமாயின் எஞ்சுவது மனையன்று, மனையின் தோற்றமே.

ஆகவே, தூணையும் ஓட்டையும் காப்பதோடு, வாயில்களின் முறையையும் காத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். உரிமையாளர்க்குப் பொருளுதவியும், சுண்ணாம்பு வேலைக்குப் பயிற்சியும் அதற்கு வேண்டப்படுவன. தமிழ்த்துறையார்க்கும் கடன் ஒன்று உண்டு. இடைகழி, தாழ்வாரம், கூடம் என்னும் சொற்கள் அகராதியில் மட்டும் எஞ்சுமுன், அவற்றுள் வாழ்ந்த முதியோரிடம் அவற்றின் பொருளைக் கேட்டுத் தொகுத்து வைத்தலே அது. திண்ணையில் அமர்ந்து கேட்க இன்னும் சில திண்ணைகள் உள்ளன.